பல் வைத்த இடுக்கி

கண்ணுக்குள் பொருத்திய லென்ஸ் நழுவிவிட்டால், அதை இழுத்துக் கட்டி நிறுத்த முடியைவிட மெல்லிய நூல் உண்டு. அந்த நூலை அறும்வரை இழுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர் அவர். நீலம், வெள்ளை என்று இரண்டு ரகம். நீலம் பொசுக்கென்று அறுந்தது, வெள்ளை தாக்குப்பிடித்தது. தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு ஈவிரக்கமே கிடையாது. அதனால் சோதனைக்கூடத்தில் அவர் பெயர் ‘கறார்’.

கறாரின் மாமனாருக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் லென்ஸ் நழுவியதும், கைக்குப் பழகிய நீல நூலாலேயே கட்டிவிடலாம் என்றார் டாக்டரம்மா. கறார் குறுக்கே பாய்ந்தார். அது அறுந்து தொங்கும், வெள்ளையில் தைக்கிற டாக்டர் கிடைக்கட்டும் என்று ஒரே போடாகப் போட்டார். மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான் என்று மாமனார் தெருவெல்லாம் பெருமையடித்தார். மாதக்கணக்கில் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.

இன்று காலை பல் வைத்த இடுக்கி கறாரின் கை தவறி விழுந்து வளைந்தது. நீல நூல் வழுக்கும் என்பதால் அதை மட்டும் எப்போதும் பல் இடுக்கியால் கவ்வி இயந்திரத்தில் மாட்டுவார். வெள்ளைக்கு வழவழ இடுக்கி. வேறு வழியில்லாமல் நீலத்தையும் வழவழ இடுக்கியால் மாட்டினார். இயந்திரம் இழுத்தது. நூல் அசரவில்லை. பழைய நீலத் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அறுந்த இடத்திலெல்லாம் இடுக்கியின் பல் தடம்.

“என்ன சார், மெஷின் மக்கர் பண்ணுதா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமனார் வீட்டுக்குப் போனார். கதவுச் சத்தம் கேட்டதும், ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து மாமனார், “வாங்க மாப்ள, உக்காருங்க” என்றார். கறார் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

“நூல் மேல தப்பில்ல மாமா. கடிச்சு வச்சது நான்.”

“அப்ப நீலம்தான் ஒசத்தியா?”

“தெரியல மாமா. முதல்லேர்ந்து இழுத்துப் பாக்கணும்.”

அந்த வாயிலிருந்து ‘தெரியல’ வந்து மாமனார் கேட்டதில்லை. பிறகு துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“டாக்டரம்மாகிட்ட போவோம். எந்த நூலுன்னு அவங்களே சொல்லட்டும். நீங்க வாயத் தெறக்க வேணாம்.”

கறார் அவர் முழங்கையைப் பற்றினார்.

“மெதுவா புடிங்க மாப்ள” என்றார் மாமனார்.