கைலாசம் மாமாவின் வெறும் வயிறு

அனுராதாவுக்கு இரத்தம் என்றால் கொள்ளை ஆசை. இப்படிச் சொன்னால் யாரும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் அப்படியே தள்ளிப் போயும் விட்டார்கள். சின்னப் பிள்ளையில் பாளையங்கோட்டைத் தெருவில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டவள், அழுவதை மறந்துவிட்டு, வழிகிற இரத்தம் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நாற்பது தாண்டியும் அதையேதான் பார்க்கிறாள். இப்போது அதற்குச் சம்பளம் தருகிறார்கள், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டியில் அடிபட்டால் இரத்தம் உறைய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் காலி. அதே இரத்தம் இதயத்துக்குப் போகிற குழாய்க்குள் உறைந்தால், அப்போதும் ஆள் காலி. எங்கே உறைய வேண்டும், எங்கே கூடாது என்று இரத்தத்தில் மிதக்கிற தட்டணுக்களுக்கு யார் சொல்கிறார்கள், சில பேருக்கு மட்டும் ஏன் தப்பாகச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மாரடைப்பு வந்தவர்களின் இரத்தம் அவளுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு நோயும் இல்லாத உள்ளூர்க்காரர்கள் வெறும் வயிற்றில் கொடுக்கிற இரத்தம்தான் கிடைக்கவில்லை. நன்றாக இருக்கிறவனிடம் கையை நீட்டச் சொன்னால், நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஓடிவிடுகிறான்.

இந்த நேரத்தில்தான் சேரன்மகாதேவியில் கைலாசம் மாமா மகளின் கல்யாணம் வந்தது. கைலாசம் அவள் அம்மாவின் தம்பி. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஒரு சொல்லை நம்பி ரயில்கள் ஓடிய காலத்தில் வாழ்ந்துவிட்டதால், தன் வார்த்தைமேல் அவருக்கே ஒரு பயபக்தி உண்டு. பொய் சொன்னதில்லை. பொய் சொல்கிறவனோடு காப்பி குடித்ததுமில்லை. பந்தக்கால் நடும்போதே அனுராதாவின் கவலையைக் காது கொடுத்துக் கேட்டார்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? கல்யாண வீடு நெறைய ஆளு இருக்குல்லா. மறுவீடு முடிஞ்ச மறுநாள் காலையில நம்ம வீட்டுக்கு வா. ரெண்டு பக்கத்து ஆளுகளையும் வெறும் வயித்தோட உக்கார வைக்கது என் பொறுப்பு. இது என் வார்த்தை."

பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா நடராஜ் இருந்தார். அம்பாசமுத்திரத்துக்காரர், கைலாசத்தோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். சம்பந்தி ஆன பிறகும் அவருக்கு வாய் குறையவில்லை.

"எங்க பக்கம் ஒழுங்கா வந்து உக்காந்துரும் வே. உம்ம பக்கத்து ஆளுகள வெறும் வயித்துல வைக்கதுக்கு அந்த நெல்லையப்பராலயும் ஆகாது" என்றார்.

மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். தேங்காயை அரைத்துப் பிழிந்த பாலிலேயே காய்களை வேகவைத்து, சோற்றின்மேல் குளம் கட்டி ஊற்றுவார்கள். அதைத் தின்றவனைச் சாயங்காலம் வரை எழுப்ப முடியாது. அதைச் செரிக்க வைக்கக் கூடவே இஞ்சிப் பச்சடியும் வரும். பெண் வீட்டார் போடுகிற விருந்து ஆயிற்றே என்று கைலாசம் அடுப்பை விட்டு நகராமல் நின்றார். எல்லாரும் தின்று தீர்த்த பிறகும் ஒரு அண்டா மீந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் அனுராதாவும், ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஷஃபீகாவும் வந்து இறங்கினார்கள். கூடத்தில் இரண்டு பக்கத்தாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஷஃபீகா ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. குழாய்கள் மளமளவென்று நிறைந்தன. அவற்றைக் கையோடு கொண்டுவந்த சுற்றுகிற இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால், சிவப்பு எல்லாம் அடியில் இறங்கி, மேலே இளமஞ்சளாய்த் தெளிந்து நிற்க வேண்டும். அந்தத் தெளிவுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை அனுராதா அளப்பாள்.

முதல் குழாயை எடுத்தாள். மேலே வெள்ளை வெளேரென்று பால் நின்றது. இரண்டாவதிலும் பால். மூன்றாவதிலும் அதே. ஷஃபீகா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"மேடம், இது பூராச் சொதி."

யார் யார் சாப்பிட்டீர்கள் என்று அனுராதா கேட்டாள். ஒருவரும் சாப்பிடவில்லையாம். விடிந்ததும் ஆளுக்கு ரெண்டு இடியாப்பத்தில் நேற்றைய சொதியை ஊற்றிக்கொண்டார்களாம், அவ்வளவுதானாம்.

"அப்ப அது சாப்பாடு இல்லியா?"

"இஞ்சிப் பச்சடி தொட்டுக்கிட்டம்லா" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை, அனுராதாவின் படிப்பைச் சந்தேகப்படுகிறவளாக. "இஞ்சி உள்ள போன ஒடனே செரிச்சிருமே. அப்புறம் வெறும் வயிறுதான? ஒங்க மாமாதான் சொன்னாக."

கைலாசம் நிமிர்ந்து நின்றார். "இஞ்சி போன வயித்துல என்னம்மா நிக்கும்?" என்றார், பொய் கலக்காத முகத்தோடு.

கோபப்படத்தான் அனுராதா வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. குழாயைக் கையில் பிடித்தபடி அவள் சிரிக்க, ஷஃபீகா சிரிக்க, ரெண்டு குடும்பமும் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தது. கைலாசம் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் கொடுத்த வார்த்தை போய்விட்டதே.

"நாளைக்கும் வா" என்றார். "பச்சத் தண்ணியத் தவிர ஒரு ஆளு தொண்டையில எதுவும் இறங்காது. இஞ்சியும் இறங்காது. இறங்குனா என் பேரு கைலாசம் இல்ல."

அன்று முழுக்க அந்த வீட்டில் அதே பேச்சுதான். யார் பக்கத்து இரத்தம் தெளிவாக நிற்கும் என்று பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போட்டியே மூண்டுவிட்டது. ஒருவர் வாய் அசைந்தால் எதிர்ப்பக்கத்து ஆள் வந்து திறந்து காட்டச் சொன்னார். கைலாசத்தின் மனைவி பிரம்மநாயகி இரவு எட்டு மணிக்கெல்லாம் அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் குழாய் ஒவ்வொன்றும் வெளியே வந்தபோது, பரீட்சையில் பாஸான மாதிரி கூடம் கைதட்டியது. எல்லாம் தெளிவு. நடராஜ் தன் குழாயைச் சாமி கும்பிட்ட தீபாராதனைத் தட்டு மாதிரி எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். கடைசியாக வந்தது கைலாசத்தின் குழாய்.

அதில் பால் நின்றது. நேற்றையதைவிடக் கெட்டியாக நின்றது.

"ஸ்டேஷன் மாஸ்டரே" என்றார் நடராஜ். "ராத்திரி அடுப்படிப் பக்கம் எப்பம் வே வண்டிய விட்டீரு?"

கூடம் அதிர்ந்தது. பிரம்மநாயகிகூட, "சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. ஆனா மாத்துச் சாவி இருக்க இடம் இவுகளுக்குத் தெரியும்" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சாப்பிடல" என்றார் கைலாசம். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் அனுராதாவைப் பார்த்தார். "ஏட்டி அனு, நான் சாப்பிடல. நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

அனுராதாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். மாமா பொய் சொல்கிறார் என்றால், எல்லாரும் சிரித்துவிட்டு இட்லிக்கு உட்கார்ந்துவிடலாம். மாமா மெய்தான் சொல்கிறார் என்றால், அந்தப் பால் தேங்காயிலிருந்து வந்ததில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாத மனுஷரின் இரத்தத்தில் அவ்வளவு கொழுப்பு மிதக்கிறது என்று அர்த்தம். மாமா ஒரே ஒரு முறை பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். இரத்தம் கொடுத்தாயிற்று, விரதம் முடிந்தது என்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு இஞ்சித் துண்டை எடுத்தார்.

"மாமா, எதுக்கு இம்புட்டு இஞ்சி திங்கிய?"

"எல்லாம் வாயுதான் ஏட்டி. மாடிப்படி ஏறுனா நெஞ்சுக்குள்ள கயிறு போட்டு இறுக்குத மாதிரி இருக்கு. கல்யாண அலைச்சல்ல கொஞ்சம் கூடிப்போச்சு. இஞ்சியக் கடிச்சிக்கிட்டுப் பைய ஒரு ஓரமா நின்னா விட்டுரும்."

"இஞ்சி கடிக்காம நின்னா?"

கைலாசம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் ஆயிற்றே.

"அப்பவும் விட்டுரும்" என்றார்.

நின்றால் விடுகிற வலி வாயு இல்லை, இதயம் என்று அனுராதாவுக்குப் புரிந்துவிட்டது. கூடத்துக்கு வந்து, "மாமா சாப்பிடல. நான் நம்புதேன். அவுகள இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்" என்றாள். சாப்பிடாததற்கு எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா என்று கேட்க நடராஜ் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

வாசலில் நின்றது கல்யாணக் கார் ஒன்றுதான். மல்லிகைச் சரம் வாட, பெண் மாப்பிள்ளை பெயர் முகப்பில் மின்ன, அது பாளையங்கோட்டைக்குப் பறந்தது. வழியில் வயல்வேலைக்காரர்கள் கையசைத்தார்கள். மாமாவும் திரும்பிக் கையசைத்தார். நடுநடுவே, "நான் சாப்பிடல வே" என்று நடராஜின் முதுகிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி ஓடிவந்து, பெண் எங்கே என்று காருக்குள் தேடினார். அந்த நிலையிலும் அனுராதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஷஃபீகா மற்றக் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலேயே ஆட்டோவில் ஆய்வகம் போய்ச் சேர்ந்தாள்.

இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று மாமாவுக்கு நூல் அளவுக்குத்தான் திறந்திருந்தது. அந்த நூல் வழியிலும் இரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. காலமெல்லாம் எதைத் தேடினாளோ அது ஆஞ்சியோகிராம் திரையில் தெரிய, அனுராதா பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கே குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

மறுநாள் வார்டில் நடராஜ் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வாய் இருந்த இடம் தெரியவில்லை.

"என்ன வே, இப்பமாவது நம்புதீரா?" என்றார் கைலாசம்.

"நம்புதேன் வே."

"நேத்து நம்பலைல்லா. இவ ஒருத்திதான் நம்புனா. இல்லன்னா இந்நேரம் நீரு அதே கூடத்துல நின்னு, கைலாசம் மாதிரி உத்தமன் உண்டான்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பீரு. மனசுக்குள்ள திருட்டுச் சொதி தின்னுட்டுத்தான் போனான்னு நெனச்சிக்கிட்டு."

நடராஜ் சிரித்தார், அப்படியே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அனுராதா வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் வந்த நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, உள்ளே இருப்பது யார், அப்பாவா என்று கேட்டாள்.

"எங்க மாமா" என்றாள் அனுராதா. "அவுக சாப்பிடவே இல்ல."