மயக்கத்துக்கு ஒரு தலைப்பு

அந்த வீடியோவில் சோடா புகட்டுபவள் நான். என் மடியில் கிடப்பது என் மகள். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்துக்கு மேல் சிவப்பு எழுத்தில், ‘தடுப்பூசி போட்ட மாணவி மயக்கம்? கடலூரில் பரபரப்பு’.

அவளுக்கு ஊசியே போடவில்லை.

அன்று தவக்கால வெள்ளி. ஒருசந்தி நோன்பு என்று வெறும் வயிற்றோடு கிளம்பினாள். மாதா கோவில் வளாகத்தில் வெயிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழுந்தாள். முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி முகாம். ஒருசந்தி நாளில் முகாம் வைக்கிறோமே என்று ஏற்பாடு செய்த எங்கள் பங்குப் பெண்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாள். சோடா உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்தாள். இன்னொரு நாள் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

யாரோ போனில் எடுத்ததைச் சிதம்பரத்தில் யூடியூப் செய்திச் சேனல் நடத்தும் ஒருவர் வாங்கிப் போட்டார். அவ்வளவுதான். அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த அம்மாக்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். செம்மண்டலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மகள் நிற்கும்போதே, “அந்த ஊசி போட்டா புள்ள பொறக்காதாமே” என்று என்னிடம் கேட்டார். அன்றிரவு மகள், தான் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாள்.

என் அக்கா அந்தப் புற்றுநோயில்தான் போனாள். கூட இருந்து பார்த்தவள் நான்.

மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். சேனல்காரர் மரியாதையாக நாற்காலி போட்டார். அதுதான் இன்னும் எரிகிறது.

“ஊசியாலதான்னு நான் எங்கக்கா சொன்னேன்? கேள்விக்குறி போட்டிருக்கேன் பாருங்க.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா ஒன்னுமில்லம்பாங்க. அப்புறம் அதுல நியூஸ் எங்க இருக்கு?”

திருத்தம் போடச் சொன்னேன். திருத்தத்தை யாரும் பார்ப்பதில்லையாம். “பாப்பாவக் கூட்டிட்டு வாங்க. நல்லா இருக்கேன்னு சிரிச்ச மாதிரி ரெண்டு வார்த்த பேசச் சொல்லி ஒரு பைட் எடுத்துப் போட்டுடுறேன். அது ஜாஸ்தி ஓடும்.”

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கடைசியில் வீடியோவை அவர் நீக்கிவிட்டார். அதற்குள் அது எத்தனை குடும்பக் குரூப்புகளுக்குப் போயிருந்ததோ, அங்கெல்லாம் அப்படியே கிடக்கிறது. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஒரு போன் போட்டு விசாரிக்காத சோம்பலுக்கு என் பிள்ளையின் உடம்பா கிடைத்தது?

மகளிடம் நான் அக்காவைப் பற்றிப் பேசினேன், அதுவரை சொல்லாததையெல்லாம். பல வாரம் போனது. ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “போலாம்மா” என்றாள்.

மண்டபத்தில் கூட்டமே இல்லை. நர்ஸ் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டார். மற்ற பிள்ளைகள் ஊசியைப் பார்த்துப் பயப்படுவார்கள். இவள் ஊசியைப் பார்க்கவில்லை. குத்தி முடிக்கும்வரை, யாராவது போனைத் தூக்குகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.