பாணும் பட்டரும்

அறுபதுகளில் நயினாதீவில் ஆறாம் வகுப்புப் படித்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கில வாத்தியார் கேட்டால், பாணும் பட்டரும், அதாவது ‘பிரெட் அண்ட் பட்டர்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எங்களுக்கோ அக்கரையிலிருந்து வள்ளம் வந்தால்தான் பாண். அந்தக் கோதாரிப் பட்டரை நான் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, கூசாமல் பொய் சொன்னார்கள்.

என் முறை வந்தது.

“ஐ ஏட் புட்டு, சேர்.”

“புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லும்.”

“ஏலாது சேர். நான் பாண் சாப்பிடேல்லை.”

கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் அடித்தார். உள்ளங்கை எரிந்தது.

“இப்ப சொல்லும். என்ன சாப்பிட்டனீர்?”

வெளியூர்க்காரரான அவர் எங்கள் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருந்தார். அம்மா அவித்ததை அன்று காலை அவருக்குப் பரிமாறியவள் நான். போதாதென்று மறுபடியும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டியிருந்தார்.

அழுகையை விழுங்கிக்கொண்டு, அவர் படிப்பித்த ஆங்கிலத்திலேயே வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன்:

“ஐ ஏட் புட்டு. யூ ஆல்சோ ஏட் புட்டு, சேர். டூ டைம்ஸ்.”