மாமனாருக்கு வாயடைத்த பெரிய வெள்ளி

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மாமனார் ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பை என்னிடம் நீட்டுவார். "இஸ்திரி போட்டு வைம்மா. நாளைக்கு வேணும்." எதற்குத் தெரியுமா? மறுநாள் பிரசங்கத்தில் அழுவதற்கு. கேலி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஆரணி சர்ச்சில் பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு பேசுவார்கள். முதல் வார்த்தை, தம்மை ஆணியடித்தவர்களை மன்னிக்கச் சொல்லி அவர் பிதாவிடம் கேட்டது. அதை மட்டும் என் மாமனாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி. ஓய்வு பெற்ற வாத்தியார், கமிட்டி மெம்பர், கணீரென்ற குரல். அவர் பேசினால் பெண்கள் பக்கம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பின்னே? பெற்ற மகளோடு அவர் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் நாத்தனார், பட்டு நெய்கிற இந்துக் குடும்பத்துப் பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். செய்யாறு கம்பெனியில் வேலை பார்க்கிற தங்கமான பையன். சர்ச்சுக்குப் போகாதே என்று அவளை ஒரு நாளும் தடுத்ததில்லை. இவர்தான், "என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்! மாய்மாலம் என்று வேதத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான் ஞாபகம் வரும்.

போன வருஷம் லெந்து உபவாச நாட்களில் அவளுக்கு ஏழு மாசம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தானே பார்க்க வேண்டும்? மாமியார் உயிரோடு இல்லை. அண்ணி என்று நான்தான் இருக்கிறேன். கர்ச்சீப்பை வாங்கும்போதே கேட்டுவிட்டேன்.

"மாமா, கொழந்தை பொறக்கற வரைக்கும் அவள இங்க இட்டுகினு வரட்டுமா? பின்னாடி ரூம் சும்மாதான கெடக்குது?"

"அவ பண்ணதுக்கு மன்னிப்பே கெடையாது. அந்தப் பேச்ச எடுக்காத."

சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தை உரக்கப் படித்துப் பார்க்க ஆரம்பித்தார். அடக் கொடுமையே! எனக்கு வந்த ஆத்திரத்தில் கர்ச்சீப்பின் ஒரு மூலை பொசுங்கிப்போனது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, நாளைக்கு எல்லார் முன்னாடியும் இந்த மனுஷன் வாயை அடைத்துப் போடும். இப்படி ஒரு ஜெபத்தை எந்த ஞாயிறு பள்ளியிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனாரே போன் பண்ணினாள். "அண்ணி, அப்பா பேசறத கேக்கணும் போல இருக்குது. நாளைக்குக் கடைசி பெஞ்சில குந்திகினு கேட்டுட்டுப் போயிடறேன். வரட்டா?"

"உன் சர்ச்சுக்கு வர்றதுக்கு யாரடி கேக்கணும்? வா," என்றேன்.

மறுநாள் நல்ல வெயில். மாமனார் பிரசங்க மேடை மேலே ஏறி, கர்ச்சீப்பைப் பைபிள் பக்கத்தில் வைத்துவிட்டு ஆரம்பித்தார். "வெளியாரை மன்னிப்பது எளிது, பிரியமானவர்களே. ஆனால் சொந்த வீட்டிலே..."

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெதுவாக நடந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது, பேச்சு வரவில்லை. "பிபியா இருக்கும், தண்ணி குடுங்க," என்று எனக்கு முன்னால் இருந்த அம்மா கிசுகிசுத்தார். ஆயர் எழுந்து பக்கத்தில் போனார். மாமனார் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இதப் பேச எனக்கு யோக்கியத இல்லீங்க. பெத்த பொண்ணையே நான் மன்னிக்கல," என்றார். மைக்கிலேயே சொன்னார். இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கர்ச்சீப் மேலேயே கிடந்தது. கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

கேட்டது கேட்டபடியே நடந்துவிட்டது. நான் குதித்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. நியாயத்தீர்ப்பு, நியாயத்தீர்ப்பு என்று வாய் கிழியப் பேசுகிறோம். நம் வீட்டு மனுஷன் மேல் அது வந்து இறங்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை. பாவம், வயசானவர். போதும் ஆண்டவரே, இவரைக் கைவிட்டுவிடாதேயும் என்று அதே வாயால் கெஞ்சினேன்.

"இந்த வருஷம் முதல் வார்த்தைக்கு இதுவே போதும். பாடுவோம்," என்றார் ஆயர். பாடினோம். மீதி ஆறு பேரும் பேசினார்கள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. திரும்பித் திரும்பிக் கடைசி பெஞ்சைத்தான் பார்த்தேன். அவள் எழுந்து போகவில்லை.

முடிந்ததும், உபவாசம் இருந்தவர்களுக்கு வெளியே கஞ்சியும் துவையலும் கொடுத்தார்கள். மாமனார் புங்கமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. நாத்தனார்தான் ஒரு டம்ளர் கஞ்சியோடு போனாள். எதையாவது சொல்லி அவளை அழவைத்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சாப்டுங்கப்பா."

வாங்கிக்கொண்டார். அவள் வயிற்றைப் பார்த்தார். "நீ சாப்டியா?"

"இல்லப்பா. நானும் உபவாசம்தான்."

"இந்த ஒடம்ப வெச்சிகினு யாருடி உன்னப் பட்டினி கெடக்கச் சொன்னது?" என்று ஓர் அதட்டல் போட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வாத்தியார் அதட்டல் அது. அவள் போனதிலிருந்து எங்கள் வீட்டில் அது கேட்டதே இல்லை. டம்ளரை அவள் கையிலேயே திருப்பி வைத்தார். "மொதல்ல நீ குடி."

அவள் அழுதுகொண்டே குடித்தாள். டம்ளர் காலியாகும் வரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. மன்னித்தேன் என்றோ, மன்னித்துவிடு என்றோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பின்னாடி ரூம் ஃபேன் கடகடன்னு சத்தம் போட்டுகினு இருக்குதே, எலக்ட்ரீஷியன ஜல்தியா வரச் சொல்லும்மா. கொழந்தை தூங்க வேணாமா?"