கூழுக்கு விலை போட்ட விசாரணை

நாற்பத்தொன்பதில் நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வயல்வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சட்டம் வந்திருந்தது. எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன்னால், இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எழுதிக்கொள்ள என்னையும் இழுத்துப் போனார்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? பண்ணைக்காரர் வீட்டு வாசலில், அவர் போட்ட நாற்காலியில், அவர் போட்ட விருந்தைத் தின்ற பிறகு. நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டேன்.

கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். புருஷன் இல்லை; மூன்று பிள்ளைகள். விரலெல்லாம் செம்மண்.

“கூலி என்னம்மா?” என்றார் அதிகாரி.

“ஆறணா சாமி” என்றவள், எதிரே நின்ற பண்ணைக்காரரைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்தாள்: “மத்தியானம் கூழு ஊத்துறாங்க. தீவாளிக்குப் பொடவ. குடிச போட்ட எடமும் அவங்களுதுதான். ஆண்டே வூட்டுல ஒரு கொறையும் இல்லீங்க.”

சோறு போடுகிறவரை அவர் முகத்துக்கெதிரே குறைத்துப் பேசுவது அங்கே வழக்கமில்லை. எனக்கு அது தெரியும், அதிகாரிக்கும் தெரியும். “கூழ் இரண்டணா, எழுதும்” என்றார். பண்ணையம்மாள் உடுத்திக் கழித்த புடவைக்கும், பாம்பு நுழைகிற குடிசைக்கும்கூட விலை போட்டார். ஆறணா என் பேனாவில் பத்தணா ஆயிற்று. ‘இவ்வூரில் கூலி போதுமானது’ என்ற வரியையும் இந்தக் கைதான் எழுதியது. சீ!

ஒரு மாதம் கழித்து அவள் வெயிலில் நடந்தே ஆபீசுக்கு வந்தாள். சர்க்காரே கூழுக்கு விலை போட்டுவிட்டது என்று சொல்லிப் பண்ணைக்காரர் கூலியில் இரண்டணா பிடிக்கிறாராம். கூழே வேண்டாமென்று பட்டினி கிடந்து பார்த்திருக்கிறாள். அப்போதும் பிடித்தாராம்.

“அன்னிக்கு நான் சொன்னத அடிச்சுடுங்க சாமி. ஆண்டே எதுக்க நின்னாரேன்னு சொல்லிட்டேன். புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்த முடியல.”

அடித்தால் அதிகாரியிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? காகிதம் திருச்சிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

அது போகவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில், என் மேஜைமேல்தான் விரித்துக் கிடந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“சரிங்க சாமி” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.