மத்தியானத் தூக்கமும் ஒரு நாய்க்குட்டியும்

ஒரு முடி

"அசையாத" என்று சொல்லி, என் கையில் திறந்து கிடந்த கடிகாரத்துக்குள் சாமணம் என்ற சிறு இடுக்கியை இறக்கினார் காதர் பாய். கடிகாரம் பழுது பார்க்கும் தொழிலில் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். ஒரு தூசி விழுந்தால் போதும், காலையிலிருந்து செய்த வேலை வீண். அவர் வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டியது குட்டையான ஒரு பழுப்பு முடி. கடையில் இருப்பது முதலாளியான அவரும் வேலைக்காரனான நானும்தான். இருவர் தலையிலும் அந்த நிறம் இல்லை.

வேறு வழியில்லாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் மதிலோரம் கிடந்த நாய்க்குட்டி. கிடைத்த கிழமையையே பிரெஞ்சில் பேராக வைத்து, திமான்ஷ் என்று கூப்பிடுகிறேன். முத்தியால்பேட்டையில் ஓர் அறையில் தனியாக இருப்பவன். பகலில் அதைப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. கடைக்குக் கொண்டு வரட்டுமா என்றும் கேட்டுவைத்தேன். பாய் சாமணத்தின் நுனியிலிருந்த முடியை ஊதிவிட்டார்.

"ஞாயிறுன்னு பேர வெச்சிட்டு, ஞாயிறு தவிர எல்லா நாளும் அதத் தனியா உடறியே தம்பி. இங்க மட்டும் கொண்டாந்துடாத. அப்புறம் ஊர்ல ஒரு கடியாரமும் ஓடாது."

வீட்டுக்காரரின் தூக்கம்

நாய்க்குட்டியை அடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இப்போது அது என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வி பகல் முழுவதும் கூடவே இருக்கும். தூங்குகிறதா, கோரைப்பாயைக் கடிக்கிறதா, கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறதா? எனக்குப் பதில் சொன்னவர் வீட்டுக்காரர் செபஸ்தியான். கோர்ட்டில் குமாஸ்தா. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில்.

பிரெஞ்சுக்காரர் ஆளும் எங்கள் ஊரில் மத்தியானம் கடை, கோர்ட்டு எல்லாம் சாத்திவிடுவார்கள். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுபடி திறப்பார்கள். எத்தனையோ விஷயங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஊர், அந்தத் தூக்கத்தில் கைவைத்தால் பொறுக்காது. நானும் அந்த நேரத்தில் வீட்டுக்கு ஓடி வருவேன். திமான்ஷோடு சாப்பிட்டு, கொஞ்சம் விளையாடிவிட்டு, ஊர் தூங்கி எழும் முன்பே மறுபடி பூட்டிக்கொண்டு கடைக்குப் போவேன். இந்த ஒரு வரவாவது அதற்கு ஆறுதல் என்று நம்பியிருந்தேன். நான் தெருவைத் தாண்டிய பிறகு அது ஊளையிடுகிறது என்பது செபஸ்தியான் கடைக்கே வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியாது. தூக்கம் கெட்டு அவர் கண்கள் சிவந்திருந்தன.

"இந்த ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்புறமும் கத்திச்சுன்னா கருவடிக்குப்பத்துல என் மச்சான் தோப்புக்கு அனுப்பிடுவேன். அங்க தென்ன மரந்தான் இருக்குது. அதுங்க மத்தியானம் தூங்கறதில்ல."

சைகோன் யோசனை

அந்தத் தோப்பு எனக்குத் தெரியும். சங்கிலியோடு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கழுத்து மரத்தோடு ஒட்டிப்போய் நின்ற ஒரு நாயை அங்கே பார்த்திருக்கிறேன். அதனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டேன். சைகோனில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கி வந்த புருனோ, மழைக்காலத்தில் நின்றுபோகும் தன் கடிகாரத்தை எங்களிடம் அடிக்கடி கொண்டு வருவார். நீ போவது குட்டிக்குத் தெரியவே கூடாது, தெரியாவிட்டால் எதற்கு அழப்போகிறது என்றார்.

அன்றைக்கே செய்து பார்த்தேன். காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டு, அது கடித்துக்கொண்டிருக்கும்போது பின்கதவு வழியாக நழுவினேன். சாயங்காலம் திறந்தபோது சுருட்டி வைத்த கோரைப்பாய் விரிந்து கிடந்தது. கொடியில் இருந்த வேட்டி தரையில். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், அரிசிக்கூடைக்குள், என் பழைய செருப்புக்குள்கூட மூக்கை நுழைத்துப் பார்த்திருந்தது. ரொட்டி பாதியில் கிடந்தது. ஊளை முன்னைவிட அதிகம் என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகவல். புருனோவிடம் சொன்னபோது அவர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"தேடியிருக்குது, அவ்வளோதான். நான் கப்பல் ஏறினப்ப எம் பொஞ்சாதி இவ்வளோ தேடல."

துணைக்கு ஒரு டைம்பீஸ்

சரிசெய்த கடிகாரத்தை உடனே கொடுத்துவிட மாட்டோம். சில நாள் ஓடவிட்டுப் பார்ப்போம். துணி தைக்கும் மதலேன் அம்மாளின் டைம்பீஸ் அப்படி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கனமான டிக்டிக். தாயின் நெஞ்சுக்குப் பக்கத்தில் படுத்திருந்த குட்டிக்கு இந்தச் சத்தம் பழக்கமாகத் தோன்றாதா என்று எனக்கு ஒரு எண்ணம். பாயிடம் கேட்டுவிட்டே எடுத்துப்போய், பழைய வேட்டியில் சுற்றி வைத்தேன். திமான்ஷ் காதைச் சாய்த்துக் கேட்டது. சுற்றிவந்து முகர்ந்தது. பிறகு அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. எனக்கே கர்வமாக இருந்தது.

அலாரத்தை நான் பார்க்கவில்லை. மதலேன் அம்மாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து தைக்கிறவள். அலார முள்ளை அதற்கேற்ப வைத்திருந்தாள். நான் கடைக்குத் திரும்பிய பின் மணியும் குட்டியும் சேர்ந்தே கச்சேரி செய்தனவாம். டைம்பீஸில் ஒட்டிய நாய் முடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். சில நாள் கழித்து அந்த அம்மாள் அதை மறுபடி கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"மணி சரியாத்தான் காட்டுது. ஆனா எங்க பூன இது இருக்கற பக்கமே வர மாட்டேங்குது. இதுக்கு இன்னா எண்ண போட்ட?"

கப்பல் புறப்பட்ட நாள்

டைம்பீஸ் தோற்ற மறுநாள். அன்று சாயங்காலம் கப்பல் ஏற வேண்டிய ஒரு பிரெஞ்சுக்காரர் கடிகாரத்தைத் தரையில் போட்டுவிட்டு வந்து நின்றார். மத்தியானம் நான் வீட்டுக்குப் போக முடியவில்லை. காதர் பாய் கடைக்குள்ளேயே கோரைப்பாய் விரித்துத் தூங்கினார். நான் சக்கரங்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். பூட்டிய அறையில் நாள் முழுக்க என்ன நடக்கிறதோ என்று நினைக்கும்போதெல்லாம் சாமணம் நழுவியது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செபஸ்தியான் தோப்புக்கு ஆள் அனுப்பியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் போனபோது செபஸ்தியான் வாசலில் தலைவாரிக்கொண்டு நின்றார். முகம் தெளிவாக இருந்தது.

"குட்டிய இன்னைக்கு எங்க உட்டுட்டுப் போன? அந்த எடத்துலயே தெனமும் உட்டுடு. இன்னைக்குத்தான் மனுஷன் மாதிரி தூங்கினேன்."

செருப்பு

குட்டி நாள் முழுக்கப் பூட்டிய அறைக்குள்ளேதான் இருந்தது. நான் மத்தியானம் வந்துபோனதுதான் கோளாறு. காலையில் ஒரு தடவை முனகிவிட்டு, போனவன் போனான் என்று படுத்துவிடுகிற குட்டியை, நடுப்பகலில் எழுப்பி, ஆசைகாட்டி, இரண்டாம் தடவை விட்டுப் போயிருக்கிறேன். மறுநாளிலிருந்து தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு கடையிலேயே தங்கினேன். காலையில் கிளம்பும்போது கூடுதலாக ஒரு சட்டித் தண்ணீரும் ரொட்டியும் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. செபஸ்தியான் தோப்பைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதற்கோ மச்சானைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

அன்பாக வீட்டுக்கு ஓடிய நாளெல்லாம் குட்டியை ஊளையிட வைத்துவிட்டு, போகாமல் இருந்துதான் அதைக் காப்பாற்ற முடிந்தது.

ஆனால் இப்போது அது என்ன செய்துகொண்டிருக்கும் என்ற அந்தப் பழைய கேள்வி போகவில்லை. ஒரு மத்தியானம், காதர் பாய் தூங்கிய பிறகு, கடையைவிட்டு இறங்கி நடந்தேன். தெருவில் ஓர் ஆள் இல்லை. முனையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மண் கொதித்தது. சுவரோரமாகப் போய், ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

திமான்ஷ் கதவடியில் படுத்திருந்தது. மூக்கு கதவிடுக்கில் இருந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் என்ன கண்டதோ, வால் ஒரு தடவை தரையைத் தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் செபஸ்தியானின் குறட்டை.

வந்த வழியே திரும்பி நடந்தேன். தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் செருப்பைக் கீழே வைத்துக் காலை நுழைத்தேன்.