கொக்கிளாய்க்கு எச்.டி. காட்டப் போன கதை

"இதையும் கோட்டைவிட்டால் கடையைப் பூட்டுறன். நீ பழையபடி மேசன் வேலைக்குப் போ." இப்படி வாழ்த்தித்தான் குகன் அண்ணை என்னைக் கொக்கிளாய்க்கு அனுப்பினார்.

அவருக்கு முல்லைத்தீவு டவுனில் டிஷ் ரீவி கடை. நான் டெக்னீசியன். கூரையில் ஏறுவது, டிஷ்ஷைத் திருப்பி சிக்னல் பிடிப்பது, இறங்கி வந்து வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்குவது, மூன்றும் என்னுடைய வேலை. அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. இளசுகள் எல்லாம் போனுக்குள்ளே படம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை கொக்கிளாய்.

அங்கே மீனவர் சங்க மண்டபத்துக்கு லண்டனில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பெரிய ரீவி வாங்கிக் கொடுத்திருந்தார். மண்டபம் எந்தக் கொம்பனியை எடுக்குதோ, ஊரும் அதைத்தான் எடுக்கும். சங்கத் தலைவர் அந்தோனிப்பிள்ளை சம்மாட்டியார். நாலைந்து படகுக்குச் சொந்தக்காரர், வலு கறாரான மனிதர். "ரெண்டு கொம்பனியும் வாங்கோ. எங்கட கண்ணுக்கு முன்னால போட்டுக் காட்டுங்கோ. எது வடிவோ அதை எடுப்பம்" என்று சொல்லிவிட்டார்.

நான் போய் இறங்க, எனக்கு முன்னமே வவுனியாவிலிருந்து மற்றக் கொம்பனியின் ஆள் றமணன் வந்து நிற்கிறான். கழுத்தில் ரை கட்டியிருந்தான். அந்தக் கடற்கரை வெயிலுக்குள் ரை! கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே போய் ரீவியைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது முகத்தில் ஒட்டியிருந்த பொலித்தீன் அப்படியே இருந்தது. மாதக்கணக்காய்த் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்து, உள்ளே காற்றுக் குமிழ் வைத்து, மழை பெய்த யன்னல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

"ஐயா, இதை உரிச்சுப்போட்டுப் பாத்தால்தான்..."

"கை வையாதை! வாங்கித் தந்த மனிசன் திருநாளுக்கு வாறார். புதுசாய் வைச்சுக் காட்ட வேண்டாமே?"

எங்கட சனத்தின் குணம் அது. கதிரைக்குப் போட்டு வந்த உறை, பிரிட்ஜ் கதவில் ஒட்டின ஸ்ரிக்கர், மோட்டார் சைக்கிள் சீற்றுக் கவர், ஒன்றையும் உரிக்க மாட்டோம். உரித்தால் அன்றைக்கே சாமான் பழசாகிப் போகும் என்று ஒரு நினைப்பு. நானும் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் டிஷ் பொக்ஸை ரீவியோடு பூட்டினேன்.

முதலில் எங்கள் முறை. எங்கள் கொம்பனியின் பலம் தமிழ்ச் சனல்கள். நாடகம், பாட்டு, பூசை எல்லாம் உண்டு. மாதர் சங்கத் தலைவி மேரி அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. "தம்பி, இந்தப் பிள்ளை அழுகுதோ சிரிக்குதோ?"

"அழுகுது அக்கா."

"எனக்கு விளங்கேல்லை."

அடுத்து றமணன். அவனுடைய பலம் விளையாட்டுச் சனல்கள். அவனும் அந்தக் குமிழுக்குள் அமிழ்ந்து போனான். சம்மாட்டியார் எழும்பி நின்று தீர்ப்புச் சொன்னார். "ரெண்டும் ஒரே புகார், பனிமூட்டம் மாதிரி. எச்.டி. எண்டது சும்மா ஏமாத்து. எங்கட பழைய அன்ரெனாவே காணும்!"

றமணனின் முகம் செத்துப் போச்சு. என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய், "மச்சான், பின்னேரம் புட்போல் மச் ஒண்டு இருக்கு. சம்மாட்டியாருக்கு புட்போல் எண்டால் உயிராம். அதைக் காட்டிப் பாப்பமே?" என்றான். மச் ஓடுகிற சனல் எங்களிடம் இல்லை, அவனிடம்தான் இருந்தது. நான் ரீவி வயரை வலு சந்தோசமாய் அவனுக்கே விட்டுக்கொடுத்தேன். அந்தப் புகாருக்குள் பந்தைக் கண்டுபிடிக்க ஆராலும் ஏலாது, நாறட்டும் என்று நினைத்தேன்.

பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒருவன் மூலையால் அடித்தான். பந்து ஒரு குமிழுக்குப் பின்னால் போனது. வரவேயில்லை. ரீவிக்குள் சனம் துள்ளிக் குதிக்குது.

"கோலோ? ஆரடா போட்டது? பந்து எங்கயடா?" சம்மாட்டியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். நேரே போய் ஒரு மூலையில் நகத்தைக் குத்தி, சர்ரென்று ஒரே இழுவை. பொலித்தீன் முழுதாய்க் கையோடு வந்துவிட்டது.

புல் பச்சைப் பசேலென்று கிடக்குது. கோல் போட்டவனின் நெற்றி வேர்வை தெரியுது.

"மாதாவே!" என்றா மேரி அக்கா.

"இதடா கொம்பனி!" என்று சம்மாட்டியார் றமணனைக் கட்டிப்பிடித்தார்.

"ஐயா, இப்ப எங்கட பொக்ஸையும் ஒருக்கால்..."

"மச் ஓடேக்க வயரில தொட்டியோ, கையை முறிப்பன்."

மச் முடிந்ததும் மண்டபம் றமணனுக்கு. வெளியே கவிழ்ந்து கிடந்த ஒரு தோணியில் போய்க் குந்தினேன். குகன் அண்ணைக்குப் போன் எடுக்கப் பயம். நல்ல சாமானைக் கையில் வைத்துக்கொண்டு தோற்றுப்போனேன் என்று எப்படிச் சொல்வது?

அப்போது மேரி அக்கா வந்தா. "தம்பி, எனக்கு அந்தப் பந்தடி வேண்டாம். உங்கட நாடகம்தான் வேணும். ஆனால் எங்கட ரீவியும் புகார்தான். என்ன செய்யலாம்?"

போய்ப் பார்த்தேன். அதேதான். முகத்தில் பொலித்தீன், அதற்கு மேலே ஒரு பூப்போட்ட துணி வேறு. இரண்டையும் அப்படியே விட்டேன். டிஷ்ஷைப் பூட்டி, பொக்ஸை இணைத்து, நாடகத்தைப் போட்டேன். பிறகு, "அக்கா, ஒருக்கால் கண்ணை மூடுங்கோ" என்றேன்.

துணியை எடுத்துவிட்டு, மூலையில் நகத்தைக் குத்திப் பொலித்தீனை உரித்தேன். கண்ணைத் திறந்தவா போட்ட சத்தத்தில் அயலட்டை எல்லாம் ஓடி வந்தது. "இந்தக் கொம்பனியில அந்தப் பெட்டையின்ர கண் மைகூடத் தெரியுது!" என்று வாசலில் நின்று கூவினா.

அந்தக் கிழமை முழுக்க மேரி அக்கா வீட்டு ஒழுங்கையை விட்டு நான் வெளிக்கிடவில்லை. மண்டபம் அவனுக்கு, வீடுகள் எங்களுக்கு.

இப்போது கிளிநொச்சியில் சொந்தமாய்க் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிற பிள்ளைகள் எந்தக் கொம்பனியின் எச்.டி. திறம் என்று கேட்பார்கள். கடைசியாய் உரித்தவனுடையது என்பேன். முதலில் பொக்ஸைப் பூட்டு, பிறகு உரி. மாறிச் செய்தால் பேர் மற்றவனுக்கு.

அந்தக் கிழமை முடிந்து கடைக்குத் திரும்பினபோது குகன் அண்ணைக்கு நம்பவே ஏலவில்லை. "மண்டபத்தைத் தோத்துப்போட்டு ஊரைப் பிடிச்சிருக்கிறாய். என்னடா செய்தனி?"

"நகம் வளர்த்தனான் அண்ணை" என்றேன்.